லிஃப்ட் மூப்பரும் நோட்டின் வலதுபக்கமும்

மேடையில் நான்கு பேர் இருக்கிறார்கள். நம் போதகர் ஐயா, முதியோர் இல்லத்து நிர்வாகி அம்மா, லிஃப்ட் பணிமனையின் மேற்பார்வையாளர், நம் சபைச் செயலாளரான பள்ளி ஆசிரியர். முதல் வரிசையில் நம் மூப்பரின் மனைவி மூப்பரம்மா, அவருடைய இரண்டு மகள்கள், பெரிய மருமகன். பணிமனைச் சட்டையோடு நேராக வேலையிலிருந்து வந்தவர்கள் பதினேழு பேர். முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலியில் மூன்று பேர், அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர். சபையார் எண்பத்தாறு. உட்கார இடமில்லாமல் படிக்கட்டில் நிற்பவர்கள் ஒன்பது. என்னையும் சேர்த்து நூற்றிருபத்தாறு பேர். பிள்ளைகளை இதில் சேர்க்கவில்லை. அவர்கள் ஓரிடத்தில் நின்றால்தானே எண்ண முடியும்!

கர்த்தரின் பிள்ளைகளாகிய உங்கள் நூற்றிருபத்தைந்து பேருக்கும் என் ஸ்தோத்திரம். ஆட்களை எண்ணிவிட்டுப் பேச ஆரம்பிக்கிறாளே என்று நினைக்காதீர்கள். ஏன் எண்ணினேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இந்த நினைவுக் கூட்டத்தில் எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். அழகாகப் பேசினார்கள். வசனங்களைப் போதகர் ஐயா சொல்லிவிட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டு வேலை முடிந்த நேரத்தில் கையில் கிடைத்ததைப் படித்துப் படித்து எழுத்தைப் பிடித்துக்கொண்டவள். பிரசங்கம் எனக்கு வராது. பதினாறு வருடமாக ஒரு நோட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். அந்த நோட்டில் உள்ளதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

நம்மைவிட்டுப் போனவர் யார்? முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருடம் நம் சபையின் மூப்பர். இரண்டையும் சேர்த்து நாம் வைத்த பெயர் லிஃப்ட் மூப்பர். அவர் கோபித்துக்கொண்டாரா? இல்லையே! "ரெண்டும் ஒரே வேலைதாம்மா. நடுவுல மாட்டிக்கிட்டவங்கள வெளிய கொண்டு வரணும், அவ்வளவுதான்" என்று சிரிப்பார்.

அந்த நோட்டு எப்படி வந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த பாதிப் பேர் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. மறக்கக்கூடாத காரணம் எனக்கு உண்டு.

பதினாறு வருடத்துக்கு முன்பு நம் புதன்கிழமை ஜெபக்கூட்டம் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறையில் நடந்தது. அப்போது நம் தச்சர் ஐயா கீழே விழுந்து இடுப்பு உடைந்து, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தனியாகக் கிடந்தார். அவருக்காக நாம் ஜெபித்தோம். ஒரு வாரமா? இரண்டு வாரமா? ஆறு வாரம்! அவர் இடுப்புக்காக ஜெபித்தோம். அவர் ஆத்துமாவுக்காக ஜெபித்தோம். கடல் தாண்டி இருக்கிற அவர் மகளுக்காக ஜெபித்தோம். நான் கண்ணீர்விட்டே ஜெபித்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஜெபித்த நிறைவோடு போனேன்.

ஏழாவது வாரம், அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர் நம் மூப்பர். தச்சர் ஐயா இருப்பது மூன்றாவது மாடிதானே என்று ஏறிப்போய்க் கதவைத் தட்டினார். உள்ளே இருட்டு. தச்சர் ஐயாவின் குரல் மட்டும் வந்தது.

"யாரு?"

"சபைலேருந்து வர்றேண்ணே. உங்களுக்காக ஆறு வாரமா ஜெபம் பண்றோம்."

"சந்தோஷம் தம்பி. வந்ததே வந்தீங்க, அந்தப் பல்பை மாத்திட்டுப் போங்க. ஆறு வாரமா எரியல."

பல்புக்காக நாம் ஒருவரும் ஜெபிக்கவில்லை, பெரியோர்களே! எப்படி ஜெபித்திருப்போம்? போய்ப் பார்த்திருந்தால்தானே தெரியும்? பக்கத்து வீட்டு அம்மா சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாராம். அவருக்கு நாற்காலியில் ஏறப் பயம். ஆறு வாரம் ஒரு மனிதர் இருட்டில் சாப்பிட்டிருக்கிறார். இதோ, சக்கர நாற்காலியில் அந்த மூன்று பேரில் நடுவில் இருப்பவர் அவர்தான். தலையாட்டுகிறார் பாருங்கள்.

அடுத்த புதன்கிழமை மூப்பர் ஐயா கையில் ஒரு பெரிய நோட்டோடு வந்தார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நோட்டை விரித்தார். "இடதுபக்கம் ஜெப விண்ணப்பம். வலதுபக்கம் யார் போறது, என்னிக்கி, எத்தன மணிக்கு. வலதுபக்கம் எழுதாம ஆமென் கிடையாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எழுதுங்கம்மா."

"ஐயா, நான் படிச்சவ இல்லையே."

"படிச்சவங்க பிரசங்கம் எழுதுவாங்க. எனக்குத் தேதி எழுதுற ஆள் வேணும். உங்க வீட்டுல சிலிண்டர் மாத்தின தேதி சுவத்துல எழுதியிருக்கீங்கல்ல, நான் பாத்தேனே!"

அப்படித்தான் நோட்டு என் கைக்கு வந்தது. ஆரம்பத்தில் நான் வலதுபக்கத்தில் "சபையார் பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுதினேன். சிவப்புப் பேனாவால் அடித்தார். "சபையார்னு எழுதினா யாரும் இல்லன்னு அர்த்தம். ஒரு ஆள் பேரு எழுதுங்க. ஆள் பேரு இல்லன்னா காலியா விடுங்க. காலியா இருந்தா உறுத்தும். உறுத்தட்டும்" என்றார்.

இதைக் கேட்டு, மூப்பர் ஐயா வேலைக்காரர், ஜெபக்காரர் இல்லை என்று நினைத்தவர்களும் உண்டு. நம் ஆசிரியரே ஒரு நாள் கேட்டார். மேடையில் வைத்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார். "அப்ப இடதுபக்கம் எதுக்கு மூப்பரே? நேரா வலதுபக்கத்துக்கே போயிடலாமே!" என்று கிண்டலாகக் கேட்டார்.

மூப்பர் ஐயா சிரிக்கவில்லை. "இடதுபக்கம் இல்லன்னா நமக்குப் பிடிச்சவங்க வீட்டுக்கு மட்டும்தான் சார் போவோம்" என்றார்.

அதன் அர்த்தம் எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் விளங்கியது. அச்சகம் வைத்திருந்த ஒருவர், அவர் இன்று நம்மோடு இல்லை, மூப்பரைப் பற்றிப் பணிமனைக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டிருந்தார். மூன்று வாரம் விசாரணை நடந்தது, ஒன்றுமில்லை என்று முடிந்தது, எழுதியது யார் என்பதும் வெளியே வந்தது. ஆனால் அந்த மூன்று வாரம் மூப்பரம்மா வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கடிதம் போட்டவருக்குக் கண் அறுவை சிகிச்சை என்று இடதுபக்கத்தில் விண்ணப்பம் வந்தது. எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தோம். கண்ணைத் திறந்து பார்த்தால், மூப்பர் ஐயா எழுந்து வந்து என் பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதுகிறார்! சனிக்கிழமை, நான்கு மணி.

சனிக்கிழமை என்ன நடந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். "நாலு மணிக்குப் போயிட்டேம்மா. நாலே முக்காலுக்குத்தான் கதவைத் தட்டினேன்."

"முக்கால் மணி நேரம் என்னய்யா பண்ணீங்க?"

"தெருவுல நின்னு கர்த்தரோட சண்டை போட்டேன். அவர் விடல."

ஜெபம் அவரை வேலைக்குத் தள்ளியது. வேலை அவரை மறுபடி ஜெபத்துக்குத் துரத்தியது. ஒன்று போதும் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை.

நிர்வாகி அம்மா தன் பேச்சில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். "நான் சொன்னா அழுதுடுவேன், நீங்க சொல்லிடுங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். முதியோர் இல்லத்தின் புதிய கட்டடத் திறப்பு விழா. அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. நான்கு மாடிக்குப் புது லிஃப்ட். முந்தின நாள் காலையில் மூப்பர் ஐயா அதில் மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதித்தார். நான்காவது மாடியில் நிறுத்தினால், நின்ற இடத்தில் நிற்காமல் இரண்டு விரல் அகலம் கீழே இறங்கியது. மறுபடி ஏற்றினார். மறுபடி இரண்டு விரல். பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நிர்வாகி அம்மா பதறிப்போய், "மூப்பரே, ரெண்டு விரல்தானே? விசுவாசத்தோட கையெழுத்துப் போடுங்க. கர்த்தர் காப்பாத்துவார்" என்றார்.

"விசுவாசம் எனக்குக் கர்த்தர் மேல இருக்கும்மா. இந்த பிரேக் மேல இல்ல."

"ஜெபிச்சுப் பாத்தீங்களா?"

"ஜெபிச்சேனே. ஜெபிச்சதுலதான் இதைத் திறக்கக் கூடாதுன்னு உறுதியாத் தெரிஞ்சுது."

மறுநாள் விருந்தினர்கள் எல்லோரும் நான்கு மாடியும் நடந்தே ஏறினார்கள். நம் போதகர் ஐயா மூச்சு வாங்க மேலே வந்து பிரதிஷ்டை ஜெபம் செய்தார். மொத்தம் ஒன்றரை நிமிடம்! அவர் ஊழிய வாழ்க்கையில் அதுவே சுருக்கமான ஜெபம் என்பது என் நோட்டில் இருக்கிறது. போதகர் ஐயா மன்னிக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் புது பிரேக் வந்தது. அன்றைக்கு அந்த லிஃப்டில் முதலில் ஏறியவர் யார் தெரியுமா? மூப்பர் ஐயாவும் மூப்பரம்மாவும். "எங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு நின்னா, எல்லாரையும் ஏத்திக்கலாம்" என்றாராம். அந்த லிஃப்டில் இறங்கித்தான் தச்சர் ஐயா இன்று இங்கே வந்திருக்கிறார்.

இவ்வளவு நேரம் புகழ்ந்தேன். இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது. ஆனாலும் எழுதிவைத்ததை மறைக்க எனக்குத் தெரியாது.

மூப்பர் ஐயா ஒரு விதி வைத்திருந்தார். ஒரு வாரத்தில் ஒருவர் பெயர் வலதுபக்கத்தில் இரண்டு தடவைக்கு மேல் வரக் கூடாது. "ஒரே கம்பி எல்லாப் பாரத்தையும் தாங்கக் கூடாது. லிஃப்டுக்கே நாலஞ்சு கம்பி போடுறோம்" என்பார். அந்த விதியை மீறியவர் ஒரே ஒருவர்தான். அவரேதான்.

மூப்பரம்மா ஒரு தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க வீட்டுக்கும் ஒரு வரி போடுங்கம்மா. சமையலறைக் குழாய் மூணு வாரமா ஒழுகுது. ஊர்க் குழாயெல்லாம் சரியாயிடுச்சு" என்றார். நான் எழுதினேன். புதன்கிழமை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். "இடதுபக்கம்: மூப்பர் வீட்டுக் குழாய். வலதுபக்கம்: காலி." அறையே சிரித்தது. மூப்பர் ஐயா காது சிவந்து எழுந்து நின்று, "வியாழன், காலை, கணவர்னு எழுதுங்க" என்றார். சரியாக வியாழக்கிழமை செய்தும் முடித்தார்.

சிரித்தோம். ஆனால் என் நோட்டு என்ன சொல்கிறது? போன வருடம் வலதுபக்கத்தில் எழுதப்பட்டவை முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். அதில் அவர் பெயர் எத்தனை? நூற்றுத் தொண்ணூற்றொன்று! மிச்சம் நூற்றிருபத்தொன்றை நாம் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டோம். என் பெயர் பதினான்கு தடவை இருக்கிறது. அந்த வருடம் அவருக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. எல்லோரும் பார்த்தோம். "ஐயாவுக்குப் பெலன் கொடும்" என்று இடதுபக்கத்தில் எழுதினேன். ஜெபித்தோம். வலதுபக்கத்தில்? அவர் பெயரையே எழுதினேன்.

இந்தக் கணக்கு எனக்கு வருடம் முழுவதும் தெரியும். அவர் பெயர் ஏற ஏற எனக்குப் பெருமையாக இருந்தது. பயந்திருக்க வேண்டும். பயப்படத் தெரியவில்லை. மூப்பரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலை செஞ்சுதான் செத்தாருன்னு சொல்லாதீங்கம்மா. அவருக்கு அது பிடிக்காது. களைச்சிருந்தாருன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அதை மட்டும் சொல்கிறேன். நம் மூப்பர் களைத்திருந்தார்.

போன வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, வழக்கம்போல, அவர் தன் வேனில் நம் தையல்கார அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அக்காவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இரண்டு வருடமாக அந்த இரண்டு நாளும் வலதுபக்கத்தில் ஒரே பெயர்தான். திரும்பக் கொண்டுவந்து விட்டு, அக்காவின் பையை மாடிவரை தூக்கி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனார். சாப்பிட்டார். கொஞ்சம் படுக்கிறேன் என்றார். எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் அடக்கம் செய்தோம். திங்களும் செவ்வாயும் அவர் வீட்டில் கூடிப் பாடினோம், ஜெபித்தோம். செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஆறு மணிக்கே போய்விட்டேன். அந்த ஜெபத்தில் வியாதியஸ்தர்களை நினைத்துக்கொண்டோம். தையல்கார அக்காவின் பெயரையும் சொல்லி ஜெபித்தோம். நானும் ஆமென் சொன்னேன்.

எட்டரை மணிக்கு என் போன் அடித்தது.

"அம்மா, இன்னிக்கி வண்டி வருமா?"

ஐந்தரை மணியிலிருந்து பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். "எல்லாரும் துக்கத்துல இருப்பீங்கன்னு கூப்பிடல. கால் வீங்கிடுச்சு, அதான் கூப்பிட்டேன்" என்றார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு வாடகைக் காரைப் பிடித்து அழைத்துப் போனார். நேரம் தவறிவிட்டதால் நான்கு மணி நேரத்துக்குப் பதில் இரண்டரை மணி நேரம்தான் கிடைத்தது. எடுக்க வேண்டிய நீரில் மிச்சம் உடம்பிலேயே நின்றுவிட்டது. இன்னொரு தடவை இப்படித் தவறினால் மூச்சுத் திணறும் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார்.

பதினாறு வருடத்துக்கு முன்பு ஒரு பல்பு. இன்றைக்கு இது. நாம் என்ன கற்றுக்கொண்டோம், பெரியோர்களே? மூப்பர் ஐயா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, மூப்பர் ஐயா ஒழித்த தவற்றை நாம் மறுபடி செய்தோம்! நோட்டு என் பையில்தான் இருந்தது. திறந்து பார்த்திருந்தால் அந்தக் காலி இடம் என்னை உறுத்தியிருக்கும். நான் திறக்கவில்லை. இது என் தவறு. வேறு யார் மேலும் நான் போட மாட்டேன்.

அக்கா இதோ, மூன்றாவது வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். "தாராளமாச் சொல்லுங்க. ஆனா பாவம்னு மட்டும் சொல்லிடாதீங்க, எனக்குக் கோபம் வரும்" என்றார். பாவம் என்று நான் சொல்லவில்லை அக்கா. போன கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழுவின் இருபத்திரண்டு அங்கிகளையும் தைத்தவர் அவர். அதையும் டயாலிசிஸ் போகாத நாட்களில் தைத்தார்.

இந்த மேடையில் ஆறு பேர் பேசியபோது, ஆறு பேரும் ஒரு வாக்குக் கொடுத்தார்கள். "அவர் விட்டுச்சென்ற பணியை நாம் தொடர்வோம்" என்றார்கள். கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பிறகு உட்கார்ந்து அந்த ஆறு வாக்கையும் நோட்டில் எழுதினேன். எந்தப் பக்கத்தில் எழுதினேன் என்று நினைக்கிறீர்கள்? இடதுபக்கத்தில்தான் எழுத முடிந்தது. "நாம்" என்பது ஆள் பெயர் இல்லையே!

இப்போது என் வாக்கு. நான் வண்டி ஓட்டத் தெரியாதவள். ஆனால் இனி வெள்ளிக்கிழமைதோறும் அக்காவோடு கூடப்போய், அந்த நான்கு மணி நேரமும் உட்கார்ந்திருப்பேன். வலதுபக்கத்தில் என் பெயரை எழுதி நேரத்தையும் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமைக்குக் கூடப்போவார். ஓட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. மூப்பர் ஐயாவின் விதிப்படி ஒரே ஆள் வேண்டாம். நான்கு பேர் சேர்ந்தால் ஒருவருக்கு மாதத்தில் இரண்டு தடவை வரும். அதிகமாகப் போனால் மூன்று.

நேற்று மூப்பரம்மா வேன் சாவியை என்னிடம் கொடுத்தார். "மருமகன் வண்டிய வித்துடலாமான்னு கேட்டாரு. முதல்ல வெள்ளிக்கிழமை யாரு ஓட்டுறாங்கன்னு பாப்போம்னு சொல்லிட்டேன். நோட்டு எங்க இருக்கோ, சாவியும் அங்கயே இருக்கட்டும்" என்றார். இதோ, இந்த மேசைமேல் நோட்டு விரித்திருக்கிறது. அதன்மேல் சாவி. இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், கொஞ்சம் பொறுமையாகப் போட வேண்டும். மூப்பர் ஐயா அந்த கியருக்காகவும் ஜெபிப்பார். எண்ணெயும் விடுவார்.

உங்களை ஏன் எண்ணினேன் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் இந்த நூற்றிருபத்தாறு பேரில் முப்பத்தொரு பேர். பணிமனைச் சகோதரர்களையும் சேர்த்துத்தான் எண்ணினேன். அவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல என்பது எனக்குத் தெரியும். அக்காவும் அதைக் கேட்க மாட்டார்.

இன்றைக்கு வியாழக்கிழமை. நாளை வெள்ளி. ஐந்தரை மணிக்கே அக்கா பையோடு படியில் உட்கார்ந்திருப்பார்.

போதகர் ஐயாவிடம் பேசிவிட்டேன். வலதுபக்கம் நிரம்பிய பிறகுதான் முடிவு ஜெபம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை ஆமென் கிடையாது. பேனாவும் இங்கேதான் இருக்கிறது.

நாளைக் காலை ஆறு மணிக்கு அந்த வேனை யார் ஓட்டுகிறீர்கள்? தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.